கில்ஸ்விட்ச் என்கேஜின் 'அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்': பாடகர் விலகிய பின் வந்து சேர்ந்த வரவேற்பு

2002 மே மாதம் வெளியான கில்ஸ்விட்ச் என்கேஜ் குழுவின் 'அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்' ஆல்பம், வந்த காலத்தில் விற்பனைப் பட்டியலில் பெரிய இடம் எதையும் பிடிக்கவில்லை. அப்படியிருக்க, மெட்டல்கோர் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏன் ஒரு திருப்புமுனையாகக் காட்டுகிறார்கள், அந்த ஆல்பம் எப்படி உருவானது என்பது கேள்வி. இந்த இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். அதில் புதிதாக ஒலித்தது ஒரே தொண்டையிலிருந்து வந்த இரண்டு குரல்கள்: ஓர் அலறல், ஒரு தெளிவான பாட்டு. அந்தக் குரல்களுக்கு உரியவர் ஆல்பம் வெளியான சில வாரங்களிலேயே குழுவைவிட்டு விலகினார். அவர் இடத்துக்கு வந்த இன்னொருவர் அதே பாடல்களை ஊர் ஊராகப் பாடிய பிறகுதான் ஆல்பத்துக்கு உரிய பெயர் கிடைத்தது. ஆகவே ஆக்கத்தின் கதையையும் வரவேற்பின் கதையையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த இசைக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு முன்குறிப்பு. அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையின் ஆவேசமும் மெட்டல் இசையின் கனமும் 1990-களில் ஒன்றோடொன்று கலந்தபோது பிறந்ததே மெட்டல்கோர். இன்டெக்ரிட்டி, எர்த் கிரைசிஸ், கன்வெர்ஜ் போன்ற குழுக்கள் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கிதாரும் டிரம்ஸும் ஒரே அடியாகச் சேர்ந்து விழும் 'பிரேக்டவுன்' என்ற பகுதி இந்த இசையின் அடையாளம். அதே பத்தாண்டில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், அட் த கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் முதலிய குழுக்கள் மிகக் கடுமையான டெத் மெட்டலுக்குள் இனிய கிதார் மெட்டுகளைப் புகுத்தி, இரண்டு கிதார்கள் இணைந்து பாடுவது போன்ற ஒரு நடையை வளர்த்திருந்தன. அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் தனித்தனியே வளர்ந்த இந்த இரண்டையும் இணைத்தவர்களில் முக்கியமானவர்கள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த சில இளைஞர்கள்.

அந்த வட்டாரத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒரு காலத்தில் வாசித்தவர்கள். ஓவர்காஸ்ட் என்ற குழு 1998-இல் கலைந்தபோது அதன் பேஸ் கிதார் கலைஞர் மைக் டிஆன்டோனியோ தனித்து நின்றார்; ஆஃப்டர்ஷாக் குழுவிலிருந்து ஆடம் டுட்கேவிச்சும் ஜோயல் ஸ்ட்ரோட்செலும் வந்து சேர்ந்தனர்; பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் கோரின் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த ஜெஸ்ஸி லீச் பாடகரானார். 1999-இல் வெஸ்ட்ஃபீல்டு என்ற சிற்றூரில் கில்ஸ்விட்ச் என்கேஜ் உருவானது இப்படித்தான். ஓவர்காஸ்டின் பாடகராக இருந்த பிரையன் ஃபேர், ஷேடோஸ் ஃபால் குழுவுக்குப் போனார்; ஷேடோஸ் ஃபாலில் அவருக்கு முன் பாடிய பில் லபான்ட், ஆல் தட் ரிமெய்ன்ஸ் குழுவை நிறுவினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் முழுவதும் ஒலித்த மூன்று குழுக்களின் வேர்கள் இவ்வாறு ஒரு சின்ன வட்டத்துக்குள் பின்னிக் கிடந்தன. கில்ஸ்விட்ச் என்கேஜின் முதல் மேடையே, 1999 நவம்பரில் இன் ஃப்ளேம்ஸ் குழுவுக்கு முன்னோடியாக வாசித்த நிகழ்ச்சி என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கோத்தன்பர்க் பாணியை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அதே மேடையில் அதை நேரில் எதிர்கொண்டார்கள்.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தை 2000 ஜூலையில் ஃபெரட் மியூசிக் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. ஃபெரட்டை நடத்திய கார்ல் செவர்சன் அப்போது ரோட்ரன்னர் நிறுவனத்திலும் வேலை பார்த்ததால், அந்த இசைத்தட்டு அங்கே புதிய குழுக்களைத் தேடும் பொறுப்பில் இருந்த மைக் கிட்டரின் கைக்குப் போயிற்று. செபுல்துரா, மெஷின் ஹெட், ஸ்லிப்நாட் ஆகிய குழுக்களை வெளியிட்ட ரோட்ரன்னர், கில்ஸ்விட்ச் என்கேஜை ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தக் காலத்தின் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்க வானொலியையும் தொலைக்காட்சியையும், ராப் பாணியை மெட்டலோடு கலந்த நூ-மெட்டல் ஆண்டுகொண்டிருந்தது. கார்ன், லிம்ப் பிஸ்கிட், லிங்கின் பார்க் ஆகியோரின் காலம் அது. கிதார் தனி வாசிப்பும் இரட்டைக் கிதார் இணையிசையும் பழங்கால வழக்கங்கள் போலப் பார்க்கப்பட்டன. ஹார்ட்கோர் அரங்குகளில் நூற்றுக்கணக்கானவர்கள் முன் வாசித்துப் பழகிய ஒரு குழுவை, பெரிய சந்தையில் எங்கே வைத்து விற்பது என்பதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை.

2001 நவம்பரில் புதிய பாடல்களை எழுதத் தொடங்கினார்கள். இந்த ஆல்பத்தின் ஆக்கத்தில் நடுநாயகம் டுட்கேவிச்தான். இன்று அவரைக் கிதாருடன் மேடையில் துள்ளிக் குதிப்பவராகவே ரசிகர்கள் அறிவார்கள். ஆனால் அப்போது அவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர். பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் இசைத் தயாரிப்பும் ஒலிப்பொறியியலும் பேஸ் கிதாரும் பயின்றவர். வெஸ்ட்ஃபீல்டில் இருந்த சிங் ஸ்டுடியோஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆல்பத்தின் தயாரிப்பாளராகவும் டிரம்ஸ் வாசிப்பவராகவும் கூடுதல் கிதார் பகுதிகளை வாசிப்பவராகவும் பின்குரல் கொடுப்பவராகவும் அவர் ஒருவரே நின்றார். பெரிய நிறுவனத்தின் பணம் வந்தவுடன் பெயர்பெற்ற தயாரிப்பாளர் ஒருவரை வெளியிலிருந்து அழைத்துவருவதே வழக்கம். இவர்கள் சொந்த ஊரில், தங்களில் ஒருவரையே நம்பி வேலையை ஒப்படைத்தார்கள். அதன் பலனை ஆல்பம் முழுவதிலும் கேட்கலாம். பாடலின் கட்டமைப்பை நிர்ணயிப்பவரும் அதன் தாளத்தை அடிப்பவரும் ஒரே ஆளாக இருப்பதால், ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் திரும்பும் இடங்கள் ஒட்டுப்போட்டது போல இல்லாமல் மூச்சு விடுவது போல இயல்பாக நிகழ்கின்றன. அந்த வகை இசையில் அன்று இது அரிது. நல்ல ரிஃப்களை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார்த் தொடர்களை, அடுத்தடுத்து அடுக்கி வைத்ததைப் பாட்டு என்று சொல்லிக்கொண்ட குழுக்கள் அன்று ஏராளம்.

கிதாரின் கனத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இவர்கள் பயன்படுத்தியது 'டிராப் சி' எனப்படும் சுருதி அமைப்பு. ஆறு தந்திகளையும் வழக்கத்தைவிட ஒரு முழுத்தொனி தளர்த்தி, மிகத் தடித்த தந்தியை மட்டும் மேலும் ஒரு முழுத்தொனி இறக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கீழுள்ள மூன்று தடித்த தந்திகளும் நம் கணக்கில் ச-ப-ச என்று நின்றுவிடும். மூன்றின் மீதும் ஒரே விரலைக் குறுக்கே வைத்து அழுத்தினாலே நிறைவான பவர் கார்டு, அதாவது சவும் பவும் சேர்ந்தொலிக்கும் கனமான சுரக்கூட்டு, கிடைக்கும். விரலை மேலும் கீழும் நகர்த்தினால் போதும், மிக வேகமான கார்டு மாற்றங்களும் எளிதாகிவிடும். மீதி விரல்கள் மேல் தந்திகளில் மெட்டிசைக்கச் சுதந்திரமாக இருக்கும். அடியில் இடி, மேலே இன்னிசை என்ற இந்தக் குழுவின் நடைக்கு அந்த அமைப்பு இயல்பாகப் பொருந்தியது. பதிவான ஒலிகளைக் கலக்கும் பொறுப்பு, இங்கிலாந்தில் பேக்ஸ்டேஜ் ஸ்டுடியோஸ் நடத்திய ஆண்டி ஸ்னீப்பிடம் கொடுக்கப்பட்டது. சாபத் என்ற த்ராஷ் மெட்டல் குழுவின் கிதார் கலைஞராக இருந்து ஒலிப்பொறியாளரானவர் அவர். நெவர்மோர் குழுவுக்கு 2000-இல் அவர் செய்து கொடுத்த ஆல்பம் மெட்டல் வட்டாரத்தில் பெரிதும் பேசப்பட்டிருந்தது. ஹார்ட்கோர் ஆல்பங்களின் அன்றைய ஒலி பெரும்பாலும் சேறு போலக் கலங்கியிருக்கும், அதை ஒரு நேர்மையின் அடையாளமாகவே அந்த ரசிகர்கள் கருதினார்கள். ஸ்னீப்பின் கலவையில் ஒவ்வொரு டிரம் அடியும் தனித்துத் தெரிந்தது, தந்தியை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும் இடங்களில் அடிக்கும் அடிக்கும் இடையிலிருந்த மௌனம்கூடக் கேட்டது. ஹார்ட்கோர் மனத்தோடு எழுதப்பட்ட பாடல்கள் ஐரோப்பிய மெட்டலின் துல்லியத்தோடு வெளிவந்தது, அந்த வரிசையில் வந்த முக்கியமான முதல் நிகழ்வுகளில் ஒன்று.

இனி குரலுக்கு வருகிறேன். ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உறுமலையும் தெளிவான பாட்டையும் ஒரே பாடலில் சேர்ப்பதை லீச் கண்டுபிடிக்கவில்லை. ஃபியர் ஃபேக்டரியின் பர்ட்டன் பெல் 1990-களின் தொடக்கத்திலேயே அதைச் செய்திருக்கிறார். ஆனால் ஃபியர் ஃபேக்டரியில் அந்தத் தெளிவான குரல் இயந்திரத்தன்மையோடு, தொலைவில் மிதப்பது போல ஒலிக்கும். லீச்சிடம் இரண்டும் ஒரே மனிதனின் ஒரே வேதனையிலிருந்து வருவது போலக் கேட்கிறது. 'மை லாஸ்ட் செரனேட்' பாடலில் சரணங்களை அவர் கரகரத்த அலறலில் எடுத்துச் செல்கிறார். பல்லவியில் குரல் திறந்துகொள்ளும்போது, வலியைத் தாண்டி வெளிச்சத்துக்கு வருபவரின் குரலாக அது மாறுகிறது. அந்தத் திறப்பைச் சந்தைக்காகப் பூசப்பட்ட இனிப்பு என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. எல்லாப் பாடல்களிலும் ஒரே அச்சில் இந்த உத்தி பயன்படுத்தப்பட்டிருந்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கும். இங்கே 'டு த சன்ஸ் ஆஃப் மேன்' ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் அறைந்துவிட்டுப் போய்விடுகிறது. 'ஜஸ்ட் பேர்லி ப்ரீதிங்' ஐந்து நிமிடங்களுக்கு மேல் விரிந்து, அமைதியையும் ஆவேசத்தையும் மாற்றி மாற்றிக் கட்டுகிறது. 'வித்தவுட் எ நேம்' குரலே இல்லாத சிறு இசைத்துண்டு. கடைசிப் பாடலான 'ரைஸ் இன்சைட்' பல குரல்கள் கூடிக் கத்தும் ஹார்ட்கோர் மரபுக்கே திரும்பி வருகிறது. பின்குரல் கொடுத்தவர்களில் முன்னர் சொன்ன பில் லபான்டும் ஒருவர்.

லீச் எழுதிய வரிகளும் அன்றைய போக்குக்கு எதிராகவே நின்றன. நூ-மெட்டல் பாடகர்கள் தங்கள் காயத்தையும் வெறுப்பையும் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சுயமாற்றம், அன்பு, மனித ஒற்றுமை, விடியல் என்று எழுதினார். அவருடைய வளர்ப்பில் கிறித்தவ நம்பிக்கைக்கு இடமுண்டு. ஹார்ட்கோர் இசையின் சமூக அக்கறையும் அவருக்குள் ஊறியிருந்தது. பிரச்சாரமாகக் கேட்காமல் இந்த நம்பிக்கை மனத்தைத் தொடுவதற்குக் காரணம், அதைச் சொல்கிற குரலில் ஒரு போராட்டம் கேட்டுக்கொண்டே இருப்பதுதான். வெற்றி பெற்றவரின் உபதேசமாக அது எங்கும் ஒலிப்பதில்லை.

அந்தப் போராட்டம் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது. 2002 மே 21 அன்று அமெரிக்காவில் ஆல்பம் வெளியானது. மொத்தம் பன்னிரண்டு பாடல்கள். அவற்றில் 'டெம்பிள் ஃப்ரம் த விதின்', 'வீடே இன்ஃப்ரா' என்ற இரண்டும் முதல் ஆல்பத்திலிருந்து எடுத்துப் புதிதாகப் பதிவு செய்யப்பட்டவை. அட்டைப்படத்தை வடிவமைத்தவர், வரைகலைஞருமான டிஆன்டோனியோ. மேடையில் ஒலியை நிறைக்க இரண்டாவது கிதார் தேவை என்று உணர்ந்ததால், டுட்கேவிச் டிரம்ஸிலிருந்து எழுந்து கிதாருக்கு மாறினார். ஆஃப்டர்ஷாக்கில் உடன் வாசித்த டாம் கோம்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். எல்லாம் கூடிவந்த அந்த நேரத்தில், ஒரு சுற்றுப்பயணம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், லீச் மின்னஞ்சல் மூலம் தன் விலகலை அறிவித்தார். மனச்சோர்வு அவரை ஆழமாகப் பிடித்திருந்தது. பயணங்களில் தொண்டையும் கெட்டிருந்தது. நெருங்கிய நண்பரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது டிஆன்டோனியோவைக் காயப்படுத்தியது. அதை அவர் பின்னர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலறலைத் தொண்டை கெடாமல் செய்வதற்கு ஒரு முறை உண்டு என்பதே அன்று பலருக்குத் தெரியாது. நியூயார்க்கைச் சேர்ந்த குரல் ஆசிரியர் மெலிசா கிராஸ் அதைக் கற்பிக்கும் டிவிடியை வெளியிட்டது 2005-இல்தான். இன்று இந்த இசையைப் பாடத் தொடங்கும் ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் வழிகாட்டுதலில் பத்தில் ஒரு பங்குகூட லீச்சின் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. தினமும் ஒரு மணி நேரம் அலறிவிட்டு, அதே தொண்டையால் உயர்ந்த சுரங்களில் தெளிவாகப் பாடவும் வேண்டும் என்ற சுமையை அவர்கள் உள்ளுணர்வை மட்டும் நம்பிச் சுமந்தார்கள்.

எனவே ஆல்பத்தின் முதல் வரவேற்பு இரண்டு தளங்களில் நடந்தது. விற்பனையில், வளர்ந்துவரும் கலைஞர்களுக்கான பில்போர்டின் 'ஹீட்சீக்கர்ஸ்' பட்டியலில் 37-ஆம் இடம், அவ்வளவுதான். ஆனால் 'மை லாஸ்ட் செரனேட்' பாடலின் காணொளி குழுவின் பெயரை ஹார்ட்கோர் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது. பாடகர் இல்லாத ஒரு குழுவைத் தேடி ரசிகர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பலரைச் சோதித்துப் பார்த்த பின், பிளட் ஹேஸ் பீன் ஷெட் குழுவின் பாடகர் ஹோவர்ட் ஜோன்ஸ் தேர்வானார். 2002 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் நடந்த ஹெல்ஃபெஸ்ட் விழாவில் அவர் முதன்முறையாக மேடையேறினார். தான் எழுதாத வரிகளை, தான் பதிவு செய்யாத ஆல்பத்தின் பாடல்களை, அவற்றை நேசித்த கூட்டத்துக்கு முன்னால் பாட வேண்டிய இடத்தில் அவர் நின்றார். லீச்சின் குரலில் கூர்மையும் ஏக்கமும் அதிகம். ஜோன்ஸின் குரல் அகன்றது, ஆழமானது, பாட்டுப் பகுதிகளில் ஏறத்தாழ ஒரு சோல் பாடகரின் நிறைவைக் கொண்டது. லீச்சைப் போலப் பாட அவர் முயலவே இல்லை. அந்தப் பாடல்கள் தப்பிப் பிழைத்ததற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2003-இல் ஓஸ்ஃபெஸ்ட் சுற்றுப்பயணத்தின் இரண்டாம் மேடையில் குழுவுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு எம்டிவி2 தொலைக்காட்சி, நின்றுபோயிருந்த 'ஹெட்பேங்கர்ஸ் பால்' என்ற மெட்டல் இசை நிகழ்ச்சியைத் திரும்பத் தொடங்கியது. நூ-மெட்டல் தேய்ந்துகொண்டிருந்த அந்த இடைவெளியில், புதிய அமெரிக்க மெட்டல் அலை என்று பத்திரிகைகள் அழைத்த ஒரு கூட்டம் நுழைந்தது. அதன் முன்வரிசையில் கில்ஸ்விட்ச் என்கேஜ் இருந்தது. ஜோன்ஸுடன் பதிவு செய்த முதல் ஆல்பமான 'த எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்' 2004 மே மாதம் வெளியாகி, முதல் வாரத்திலேயே சுமார் 38,000 பிரதிகள் விற்று, பில்போர்டின் முதன்மைப் பட்டியலில் 21-ஆம் இடத்தில் நுழைந்தது. அதன் தலைப்புப் பாடல் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஹீட்சீக்கர்ஸ் 37-இலிருந்து இங்கே வந்துசேர இடையில் வேறு ஆல்பம் எதுவும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் மேடைகளில் முதன்மையாக ஒலித்தவை 'அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்' பாடல்கள்தான். அடுத்த ஆல்பத்தின் விற்பனை எண்களையே முந்தைய ஆல்பத்துக்கான தாமதமான வரவேற்பாக நான் படிக்கிறேன். அந்தக் கூட்டத்தைத் திரட்டியவை அதன் பாடல்கள்.

தாக்கம் என்று பார்த்தால், டுட்கேவிச்சின் தயாரிப்பு முறையே தனியாக ஒரு பள்ளியாக வளர்ந்தது. அன்எர்த்தின் 'த ஆன்கமிங் ஸ்டார்ம்', ஆல் தட் ரிமெய்ன்ஸின் 'த ஃபால் ஆஃப் ஐடியல்ஸ்' ஆகியவற்றில் அவர் பணியாற்றினார். ஆஸ்திரேலியாவின் பைரன் பே கடற்கரை ஊரிலிருந்து பார்க்வே டிரைவ் குழுவினர், தங்கள் முதல் ஆல்பமான 'கில்லிங் வித் எ ஸ்மைல்' ஒலிப்பதிவுக்காக 2005-இல் அவரைத் தேடி மாசசூசெட்ஸ் வந்தார்கள். சரணத்தில் உறுமல், பல்லவியில் இன்குரல், பிறகு பிரேக்டவுன் என்ற வரிசை அடுத்த சில ஆண்டுகளில் ஒரு வாய்ப்பாடாகவே இறுகிப்போனதும் உண்மை. அதைக் காரணம் காட்டி இந்த ஆல்பத்தைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. நகலெடுத்தவர்கள் பாடல்களின் வரிசையமைப்பை எடுத்துக்கொண்டார்கள். குரல் மாறும் தருணத்தில் லீச் வைத்திருந்த காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

லீச் பின்னாளில் டுட்கேவிச்சுடன் சேர்ந்து டைம்ஸ் ஆஃப் கிரேஸ் என்ற பெயரில் 2011-இல் ஓர் ஆல்பம் செய்தார். 2012 தொடக்கத்தில் ஜோன்ஸ் விலகினார்; நீரிழிவு நோயும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. லீச் மறுபடியும் கில்ஸ்விட்ச் என்கேஜின் பாடகரானார். பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி இந்த ஆல்பத்தை முழுமையாக மேடையில் பாடவும் செய்தார். 2018-இல் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பேசவும் பாடவும் மீண்டும் பயின்று திரும்பினார். 2019-இல் வந்த 'அடோன்மென்ட்' ஆல்பத்தின் 'த சிக்னல் ஃபயர்' பாடலில் லீச்சும் ஜோன்ஸும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'மை லாஸ்ட் செரனேட்' பாடலிலிருந்து தொடங்கலாம்; ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் 'ஃபிக்சேஷன் ஆன் த டார்க்னஸ்', 'த எலிமென்ட் ஆஃப் ஒன்' இரண்டையும் கேட்டுவிட்டு, பிறகு முதல் பாடலான 'நம்பர்டு டேஸ்' தொடங்கி வரிசை மாறாமல் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். முதல் ஆல்பத்திலுள்ள 'டெம்பிள் ஃப்ரம் த விதின்' பதிவையும் இதிலுள்ள பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், டுட்கேவிச்சும் ஸ்னீப்பும் செய்த வேலை என்ன என்பது நான் எழுதியதைவிடத் தெளிவாகப் புரியும்.